அடுத்த கட்டில் குழந்தை அழுதது, எனக்குப் பால் இறங்கியது

வாசகர் கேள்வி - பதில்

போன மாதம், பரீட்சை பயத்தில் வயிறு கலக்குவது பற்றி ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நிறையக் கடிதங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: "எல்லாம் மனசுதான் காரணம்னு சொல்லி அனுப்பிட்டாங்க." படிக்கப் படிக்க வருத்தமாக இருந்தது. மனசு காரணம் என்று சொன்னதும் பேச்சு முடிந்துவிட்டது போல எழுந்துவிடுகிறார்கள், பேச்சு தொடங்குவதே அங்கேதான். மனசில் படுவது மூளையில் படுகிறது, மூளை அதை நரம்பு வழியாகவும் ரத்தத்தில் கலக்கும் ஹார்மோன் வழியாகவும் மார்பு, வயிறு, கருப்பை, கைவிரல் நுனி வரை கொண்டுபோகிறது, அந்த வழி முழுக்க இன்றைக்குத் தெரியும், படம் போட்டே காட்டலாம். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அந்தக் கடிதங்களுக்குத்தான். பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: எனக்குப் பிரசவமாகி 24 நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது அடுத்த கட்டில் குழந்தை அழுதாலே எனக்குப் பால் இறங்கி நைட்டி நனைந்துவிடும். வீட்டுக்கு வந்தபிறகு, பார்க்க வருகிறவர்கள் சுற்றி உட்கார்ந்து "பால் பத்துதா, பத்துதா" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது குழந்தை வாய் வைத்தால் ஒரு சொட்டு வருவதில்லை, வீறிட்டு அழுகிறான். ராத்திரி 2 மணிக்கு நானும் அவனும் மட்டும் இருக்கும்போது தாராளமாக வருகிறது. எனக்குப் பாலே இல்லை, பவுடர் பால் கொடு என்கிறார் மாமியார். எனக்குப் பால் இருக்கிறதா, இல்லையா?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: இருக்கிறது, தங்கச்சி. ராத்திரி 2 மணிக்கு வருகிற பால்தான் அதற்குச் சாட்சி. பகலில் அது இறங்க மறுக்கிறது, அவ்வளவுதான்.

பால் சுரப்பது வேறு, பால் இறங்குவது வேறு. சுரக்க வைப்பது புரோலாக்டின் என்கிற ஹார்மோன். அது மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கிக்கொண்டிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதியிலிருந்து வருகிறது, ராத்திரியில் கொஞ்சம் கூடுதலாகவே வரும். சுரந்த பால் மார்புக்குள் சின்னச் சின்னப் பைகளில் தங்கியிருக்கும். குழந்தை எவ்வளவுதான் உறிஞ்சினாலும் அந்தப் பைகளைச் சுற்றியிருக்கிற தசையணுக்கள் இறுக்கிப் பிழிந்தால்தான் பால் காம்புக்கு வந்து சேரும். பிழியச் சொல்வது ஆக்சிடோசின். குழந்தை வாய் வைத்ததும் காம்பிலிருந்து நரம்புச் செய்தி தண்டுவடம் வழியாக மேலே ஏறி, மூளையின் அடித்தளத்தில் இருக்கிற ஹைப்போதலாமஸுக்குப் போகிறது. அங்கிருக்கும் நரம்பணுக்களே ஆக்சிடோசினைத் தயாரித்து, தங்கள் நீண்ட வாலின் வழியாகப் பிட்யூட்டரியின் பின்பகுதிக்குக் கொண்டுவந்து ரத்தத்தில் விடுகின்றன. ரத்தம் அதை மார்புக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. போகும்போது நரம்பு, திரும்பி வரும்போது ஹார்மோன். இத்தனையும் நடக்க ஒரு நிமிஷம் போல ஆகும். சில தாய்மார்களுக்கு அந்த நேரம் மார்பில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு கூச்சம் தெரியும்.

காம்பிலிருந்து வரும் செய்திக்கு மட்டும்தான் அந்த நரம்பணுக்கள் அசையும் என்றில்லை. காதில் விழும் அழுகை போதும், குழந்தையை நினைத்தாலே போதும். அதனால்தான் அடுத்த கட்டில் குழந்தை அழுததற்கு உங்களுக்குப் பால் கசிந்தது. அதே மாதிரி வலி, கூச்சம், பயம், நாலு பேர் முறைத்துப் பார்ப்பது எல்லாம் அந்த நரம்பணுக்களை அடக்கிவிடும். கூடவே பயத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறி மார்பின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், வெளியே வந்த கொஞ்சநஞ்ச ஆக்சிடோசினும் போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது.

மாடு வைத்திருக்கிற வீட்டில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பாட்டி கறக்க உட்காரும் முன்பு கன்றை அவிழ்த்துவிட்டு ஊட்டவிடுவார், அது தலையால் இரண்டு முட்டு முட்டி, வாயில் நுரை தள்ளிக் குடிக்கத் தொடங்கி, மடியும் காம்பும் விறைத்துச் சுரப்பு விட்டதும்தான் கன்றை இழுத்துக் கட்டிவிட்டுச் செம்பை எடுப்பார். அந்த நேரத்தில் புது ஆள் யாராவது தொழுவத்துக்குள் வந்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும், "மாடு பாலை அடக்கிக்கும், அந்தப் பக்கம் போ" என்பார். 1941-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஈலி, பீட்டர்சன் என்ற இரண்டு பேர் இதையே சோதித்துப் பார்த்தார்கள். கறக்கப் போகும் நேரத்தில் மாட்டின் முதுகில் பூனையை விட்டும், காகிதப் பையை ஊதி வெடித்தும் மிரட்டினால் பால் வரவில்லை. மிரட்டாமல் அட்ரினலின் ஊசி மட்டும் போட்டாலும் வரவில்லை. 1948-ல் நியூட்டன் தம்பதி இதைத் தாய்ப்பாலில் சோதித்தார்கள், பாலூட்டும் தாய் அந்த மனைவியேதான். ஊட்டும்போது காலை ஐஸ் தண்ணீரில் வைப்பது, கால் விரலை வலிக்க இழுப்பது, மனக்கணக்குப் போடச் சொல்லித் தொந்தரவு செய்வது என்று பார்த்ததில் குழந்தைக்குக் கிடைத்த பால் குறைந்தது. அதே தொந்தரவுக்கு நடுவிலும் ஆக்சிடோசின் ஊசி போட்டால் பால் பெருமளவு திரும்பி வந்தது. அதாவது பால் உள்ளேயே இருந்திருக்கிறது, இறங்குவதற்கான உத்தரவுதான் வரவில்லை. பால் இல்லை என்று சொல்கிறவர்களிடம் இந்தச் சோதனையைச் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. ஊட்டும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், இதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை, வேண்டுமானால் டாக்டர் சொன்னார் என்று சொல்லிக்கொள்ளலாம். மாமியாரே கூட இருந்து வருகிறவர்களை வெளியே உட்கார வைத்தால் அதைவிடப் பெரிய உதவி கிடையாது. முதுகுக்குத் தலையணை, குடிக்கத் தண்ணீர், குழந்தையின் வெறும் உடம்பு உங்கள் நெஞ்சில் படும்படி அஞ்சு நிமிஷம், அப்புறம் வாய் வைக்கவிடுங்கள். பால் போதுமா என்பதை அவன் அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறானா, பிறந்த எடையைத் திரும்பப் பிடித்து மேலே ஏறுகிறானா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் போதும், எடை ஏறவில்லையென்றால் தள்ளிப்போடாமல் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு விஷயம். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், அப்புறம் பாலே சுரக்காமல், ஆளும் ஓய்ந்துபோய்க் கிடந்தால் அதை மனசு என்று விட்டுவிடக் கூடாது. கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெரிதாகியிருக்கும், அந்த நேரத்தில் ரத்த ஓட்டம் விழுந்தால் சுரப்பியே பழுதாகலாம். ஷீஹன் என்ற மருத்துவர் 1937-ல் விவரித்த நோய் அது. நம் நாட்டில் இன்னும் பார்க்கிறோம், பல பேருக்கு வருஷக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமலே கிடக்கிறது.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். நரம்பு வேகமாக வேலை செய்யும், ஹார்மோன் மெதுவாக வேலை செய்யும் என்று வேறுபாடு அட்டவணை படிக்கிறோம். அட்ரினலின் ஹார்மோன்தானே, அது மட்டும் ஏன் உடனே வேலை செய்கிறது?
- மாணவர், விழுப்புரம்

பதில்: நல்ல இடத்தில் பிடித்தாய், தம்பி. அந்த அட்டவணை ஒழுகுகிற இடமே அதுதான்.

சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பியின் உள்பகுதி, கருவில் நரம்பணுக்கள் உருவான அதே மூலத்திலிருந்து வந்தது. தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு நேராக அங்கே போய் முடிகிறது. மற்ற நரம்பணுவாக இருந்தால் தன் வாலை நீட்டி ஓர் உறுப்பைத் தொட்டிருக்கும். இந்த அணுக்களுக்கு வால் கிடையாது, அதனால் தங்கள் சரக்கை ரத்தத்தில் கொட்டிவிடுகின்றன. கொட்டுவதில் ஐந்தில் நான்கு பங்கு அட்ரினலின், மீதி நார்அட்ரினலின். அந்த நார்அட்ரினலின் இதயத்துக்குப் போகும் நரம்பின் நுனியில் வந்தால் நரம்புக் கடத்தி என்கிறோம், ரத்தத்தில் வந்தால் ஹார்மோன் என்கிறோம். பொருள் ஒன்றுதான். நரம்பு தட்டியதும் வருவதால்தான் அட்ரினலினுக்கு அந்த வேகம். சில நிமிஷத்தில் உடம்பு அதை உடைத்தும் விடுகிறது.

எல்லாம் நரம்புதான் என்று நம்பிய காலம் ஒன்று உண்டு. செரிமானச் சுரப்புகளை நரம்பே நடத்துகிறது என்று ரஷ்யாவில் பாவ்லோவ் சொல்லிவந்தார், 1904-ல் நோபல் பரிசும் வாங்கினார். 1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் (ஸ்டார்லிங்கின் தங்கையைத்தான் பேலிஸ் கட்டியிருந்தார், மச்சான்கள்) ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் வெட்டிவிட்டு, ரத்த ஓட்டத்தை மட்டும் விட்டுவைத்து, அந்தத் துண்டுக்குள் அமிலத்தை ஊற்றினார்கள். நரம்பே இல்லாதபோதும் கணையம் சுரந்தது. அப்புறம் குடலின் உள்தோலைச் சுரண்டி, அரைத்து, வடிகட்டி ரத்த நாளத்தில் செலுத்தினால் அப்போதும் சுரந்தது. அதற்கு செக்ரிடின் என்று பெயர் வைத்தார்கள். 1905-ல் இந்த மாதிரிப் பொருள்களுக்கெல்லாம் பொதுவாக ஹார்மோன் என்ற சொல்லை ஸ்டார்லிங் கொண்டுவந்தார், தூண்டுவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

அதன்பிறகு இரண்டும் தனித்தனி இலாகா என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 1928-ல் எர்ன்ஸ்ட் ஷாரர் என்ற இளைஞர் மீனின் ஹைப்போதலாமஸில் சுரப்பியணு போலவே துளித்துளியாகச் சரக்கு வைத்திருக்கும் நரம்பணுக்களைப் பார்த்தார். நரம்பணு ஹார்மோன் சுரக்குமா என்று பல வருஷம் அவரை நம்பவில்லை. மேலே தேனி வாசகிக்குச் சொன்ன ஆக்சிடோசின் கதை அந்த வழியில் வந்ததுதான்.

பரீட்சையில் அட்டவணையை அப்படியே எழுது, மதிப்பெண் அதற்குத்தான். வேகமான நரம்பில் செய்தி விநாடிக்கு 120 மீட்டர் வரை ஓடும், ஆனால் மெல்லிய வலி நரம்பில் விநாடிக்கு ஒரு மீட்டர்தான் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள். கால்விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்று ஒன்று, கொஞ்சம் பொறுத்து மந்தமாக ஒன்று என்று வலி இரண்டு தடவை வருவது அதனால்தான்.

கேள்வி: வயது 29. ஆறு மாதமாகக் கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை. எடை 8 கிலோ குறைந்துவிட்டது, இத்தனைக்கும் நன்றாகச் சாப்பிடுகிறேன். நரம்புத் தளர்ச்சி என்று விளம்பரம் பார்த்து ஓரிடத்தில் போய் 14,000 ரூபாய்க்கு லேகியமும் மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டேன். குறையவில்லை. இன்னும் மூன்று மாதம் சாப்பிட வேண்டும் என்கிறார்கள்.
- வாசகர், கரூர்

பதில்: நிறுத்துங்கள். ஒரு பைசாகூட இனிமேல் அங்கே கொடுக்காதீர்கள்.

நரம்புத் தளர்ச்சி என்ற பெயரைச் சுவரிலும் பஸ் ஸ்டாண்டிலும் எழுதி எழுதி, நம் ஊரில் கை நடுங்கினால் முதலில் வாயில் வருகிற வார்த்தையாக அதை ஆக்கிவிட்டார்கள், அதனால் எத்தனை இளைஞர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில்கூடச் சொல்லாமல் கடன் வாங்கிப் பணம் கட்டுகிறார்கள் என்று நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், சாப்பிட்டும் எடை குறைகிறது என்ற ஒரு வரி போதும், முதலில் பார்க்க வேண்டியது தைராய்டு. அது மிகையாகச் சுரந்தால் நரம்பில் ஒரு கோளாறும் இல்லாமலே உடம்பு முழுக்க நரம்பு முறுக்கேறின மாதிரி இருக்கும். தைராய்டு ஹார்மோன் கூடும்போது இதயத்திலும் தசையிலும் அட்ரினலினை வாங்கிக்கொள்ளும் வாசல்கள் அதிகமாகிவிடும். ரத்தத்தில் அட்ரினலின் வழக்கமான அளவில் இருந்தாலும் அதன் வேலை இரட்டிப்பாகத் தெரியும். யாரும் துரத்தாமலே துரத்தப்படுகிறவன் போல உடம்பு ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, புறங்கையின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைக்கச் சொல்லுங்கள். தாளின் ஓரம் மெல்லப் படபடவென்று அடிக்கும். அப்புறம், அமைதியாகப் பத்து நிமிஷம் உட்கார்ந்த பிறகும் நாடி நிமிஷத்துக்கு 100-க்கு மேல் இருக்கிறதா என்று எண்ணுங்கள். எப்படி இருந்தாலும் டி.எஸ்.எச்., டி4, டி3 ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், கூடவே சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், அதிலும் சாப்பிடச் சாப்பிட எடை குறையும். தைராய்டு மிகையாக இருந்தால் டி.எஸ்.எச். அடிமட்டத்தில் இருக்கும். டி.எஸ்.எச். பிட்யூட்டரியிலிருந்து வருவது, தைராய்டுக்குச் சுரக்கச் சொல்லி வருகிற உத்தரவு, ரத்தத்தில் ஏற்கெனவே ஹார்மோன் நிரம்பி வழிந்தால் உத்தரவை நிறுத்திவிடும்.

தைராய்டுதான் என்று உறுதியானால் மருந்து இருக்கிறது. சுரப்பதைக் குறைக்க கார்பிமசோல் தருவார்கள், அது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்க புரோப்ரனலோல் தருவார்கள், ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கார்பிமசோல் சாப்பிடும்போது தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு ரத்த வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அபூர்வமாகத்தான் வரும், ஆனால் வந்தால் ஆபத்து.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, 22 வருஷமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், அவரே சொல்லி எதையாவது சாப்பிட்டுவிடுவார். போன வாரம் சாயங்காலம் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, செத்துப்போன எங்கள் பெரியப்பா வந்திருக்கிறார் என்றார். புத்தி பேதலித்துவிட்டது என்று அம்மா அழுதார். தம்பிதான் மிஷினில் பார்த்தான், 41. நடுக்கமே இல்லாமல் எப்படி இவ்வளவு இறங்கும்?
- வாசகி, திருச்சி

பதில்: உங்கள் தம்பி விரலைக் குத்திப் பார்த்தானே, அது அப்பாவைக் காப்பாற்றியது.

நாம் சர்க்கரை இறங்கியதன் அறிகுறி என்று சொல்கிற நடுக்கம், படபடப்பு, வியர்வை, அகோரப் பசி எல்லாம் சர்க்கரைக் குறைவு நேரடியாகச் செய்கிற வேலை இல்லை. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போகத் தொடங்கும்போது மூளை அதைக் கவனித்துவிடுகிறது. உடம்பின் எடையில் மூளை 2 சதவீதம்தான், உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது, அதனால் இதில் அது ரொம்ப உஷார். கணையத்திலிருந்து குளுகோகான் என்ற ஹார்மோன் வரும், நரம்பு வழியாக அட்ரினலுக்கு உத்தரவு போகும், அட்ரினலின் வந்து கல்லீரலில் இருக்கிற சர்க்கரையை வெளியே எடுக்கும். அந்த அட்ரினலின் போகிற போக்கில் கையை நடுங்க வைக்கிறது, நெஞ்சை அடிக்க வைக்கிறது. நமக்கு அதுதான் எச்சரிக்கை மணி.

பல வருஷம் சர்க்கரை இருந்து, அடிக்கடி இறங்கியும் பழகிவிட்டால் மூளை அந்த எல்லையைக் கீழே தள்ளி வைத்துக்கொள்ளும். 70-ல் அடிக்க வேண்டிய மணி 50-லும் அடிக்காது. அதற்குள் மூளைக்கே சர்க்கரை பத்தாமல் போய், பேச்சு குழறுகிறது, சட்டை திரும்பிப்போகிறது, இறந்தவர் கண்ணில் தெரிகிறார். இதயம், வியர்வை போன்றவற்றைத் தானாக நடத்துகிற தானியங்கி நரம்புகள் சர்க்கரை நோயால் பழுதாகியிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். அப்பா ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அது நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது, ஏனென்றால் வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு வேறு பொருளைக் கொண்டு பேசுகிறது. எனவே ராத்திரியில் பனியன் நனைந்திருந்தால் உடனே விரலைக் குத்திப் பாருங்கள்.

இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. அவர் சாப்பிடும் மாத்திரைகளில் அகார்போஸ் அல்லது வோக்லிபோஸ் கலந்திருந்தால் வீட்டுச் சர்க்கரை, சாக்லேட் சீக்கிரம் வேலை செய்யாது, அந்த மருந்து சர்க்கரையை உடைப்பதைத்தான் தடுக்கிறது. குளுக்கோஸ் பவுடரே வேண்டும், ஒரு பொட்டலம் தலைமாட்டில், ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சு நின்றுவிடும், 108-க்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். போன அந்த எச்சரிக்கை திரும்பி வரும். சர்க்கரை ஒரு தடவைகூட 70-க்குக் கீழே இறங்காமல் இரண்டு மூன்று வாரம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டால் பலருக்கு நடுக்கமும் வியர்வையும் ஓரளவாவது திரும்புகிறது. அதற்கு இன்சுலின் அளவை மாற்ற வேண்டும், அவருக்கான சர்க்கரை இலக்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும், அது பழுதானால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். இந்த வாரமே டாக்டரிடம் போங்கள், 41 என்று காட்டிய மிஷினையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதுவரை வண்டி ஓட்ட விடாதீர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்குப் புத்தி பேதலிக்கவில்லை.

கேள்வி: மகள் நீட் கோச்சிங்குக்காக ஹாஸ்டலில் சேர்ந்து ஐந்து மாதம். நான்கு மாதமாகத் தூரம் வரவில்லை. டாக்டரம்மா எல்லா டெஸ்ட்டும் பார்த்துவிட்டு, டென்ஷன்தான் என்றார். டென்ஷனுக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம்? ஏதோ மறைக்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, தர்மபுரி

பதில்: மறைக்கவில்லை அம்மா. ஆனால் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்திருக்கக் கூடாது, உட்கார வைத்து விளக்கியிருக்க வேண்டும்.

மாதவிடாயை ஆரம்பித்து வைப்பது மூளை. ஹைப்போதலாமஸில் ஓரிரு ஆயிரம் நரம்பணுக்கள் மட்டும் சேர்ந்து, ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைத் துளியாக விடும். பிட்யூட்டரி அதைக் கேட்டுச் சினைப்பைக்கு உத்தரவு அனுப்பும். 1970-களில் அமெரிக்காவில் நோபில் என்பவரும் அவர் குழுவும் குரங்குகளில் செய்த சோதனையில், இந்த ஹார்மோனை மணிக்கு ஒரு தடவை விட்டுவிட்டுச் செலுத்தினால் எல்லாம் சரியாக நடந்தது, அதையே இடைவிடாமல் செலுத்தினால் பிட்யூட்டரி வேலையை நிறுத்திக்கொண்டது. இடைவெளிதான் அங்கே மொழி. வீட்டைப் பிரிந்த ஏக்கம், தூக்கம் 4 மணி நேரம், பரீட்சை பயம் எல்லாம் சேர்ந்து மன அழுத்த ஹார்மோன்களைக் கூட்டும், அவை அந்தத் துளியின் தாளத்தைக் கலைத்துவிடும். சாப்பாடு குறைந்தாலும் அதே கதைதான், உடம்புக் கொழுப்பு சுரக்கும் லெப்டின் இறங்கும், இப்போது கரு தாங்க வசதியில்லை என்று மூளை முடிவு செய்துவிடும்.

அதனால் நான் கேட்கிற முதல் கேள்வி: ஹாஸ்டலில் காலையில் என்ன சாப்பிடுகிறாள்? பல பிள்ளைகள் ஏழு மணி வகுப்புக்கு ஓடுகிற அவசரத்தில் டீயோடு நிறுத்திவிடுகிறார்கள். எடை எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள். கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின், சினைப்பை நீர்க்கட்டி இதெல்லாம் பார்த்தாகிவிட்டதா என்று ரிப்போர்ட்டைக் கையில் வைத்து டாக்டரம்மாவிடமே உறுதி செய்துகொள்ளுங்கள், அதன்பிறகுதான் டென்ஷன் என்ற முடிவுக்கு வர வேண்டும். மாத்திரை போட்டு ரத்தம் வரவழைத்துவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மூளையின் தாளம் திரும்ப வேண்டும். அது வராமல் மாதக்கணக்கில் போனால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு மெலியும், இந்த வயசில்தான் எலும்பு சேர்கிறது. அவளைத் திட்டாதீர்கள். முடிந்தால் ஒரு பத்து நாள் வீட்டுக்குக் கூட்டிவந்து தூங்கவிடுங்கள்.

கேள்வி: மூட்டு வலிக்கு ஊரில் ஒருவர் கொடுத்த பொட்டல மாத்திரையை ஒரு வருஷம் சாப்பிட்டேன். வலி போனது, முகம் உப்பிவிட்டது. பயந்துபோய் பத்து நாள் முன்பு நிறுத்திவிட்டேன். இப்போது எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தி, படுக்கையை விட்டு எழ முடியவில்லை. மனசு பலவீனம் என்கிறார் மகன்.
- வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: அம்மா, இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். (கடிதம் கிடைத்த அன்றே இவருக்குப் பதில் அனுப்பிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கே போடுகிறேன்.)

முகம் உப்பியது என்பதை வைத்துப் பார்த்தால் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்திருக்க வேண்டும். நம் அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதி கார்டிசால் என்ற ஸ்டீராய்டை அதிகாலையில் அதிகமாகவும் நள்ளிரவில் குறைவாகவும் தானே சுரக்கிறது, அதற்கு மூளையிலிருந்து உத்தரவு வர வேண்டும். வெளியிலிருந்து தினமும் மாத்திரை வந்தால் மூளை உத்தரவை நிறுத்திவிடும், உத்தரவு வராத அட்ரினல் சுருங்கிப்போகும். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டாலே இது நடக்கலாம், உங்களுடையது ஒரு வருஷம். திடீரென்று நிறுத்தினால் மாத்திரையும் இல்லை, சொந்தச் சரக்கும் இல்லை, ரத்த அழுத்தம் விழுந்துவிடும், இந்த நிலையில் ஒரு காய்ச்சல் வந்தாலும் உயிருக்கே ஆபத்து. மனசு பலவீனம் என்று மகன் சொல்வது தப்பு, அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக "ஒரு வருஷம் ஸ்டீராய்டு மாதிரி மாத்திரை சாப்பிட்டேன், பத்து நாளாக நிறுத்திவிட்டேன்" என்று சொல்லுங்கள். அவர்கள் முறையான அளவில் திரும்பத் தொடங்கி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். மீதிப் பொட்டலம் இருந்தால் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு போங்கள், காலிக் காகிதமாக இருந்தாலும் சரி.